யாழ்ப்பாணத்துக் காருக்கு எந்த ரயர்? தெரிவதிலிருந்து பூட்டி முடிப்பது வரை

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களில் சிலது பனி ரயரோடேயே வந்துவிடும். ஹொக்கைடோ போன்ற வடபகுதிகளில் ஓடிய கார் என்றால் அதில் புதுமையில்லை. கழற்றிய பனி ரயர்கள் பாவித்த ரயர்க் கடைகளிலும் தனியாக விற்பனைக்கு வருகின்றன. தவாளிப்பு, அதாவது றோட்டைத் தொடும் முகத்தில் ஓடும் பள்ளம், ஆழமாக இருக்கும், விலையும் குறைவு. "அண்ணை, ஜப்பான் சாமான், வடிவாய்ப் பாருங்கோ, தேய்வே இல்லை" என்று கடைக்காரர் சொல்வது பொய்யாகவும் இராது. தேய்வில்லைத்தான். ஆனால் அந்த ரயரைச் செய்தவர்கள் கணக்கில் எடுத்த றோட்டில் ஐஸ் கிடந்தது. எங்கள் றோட்டில் பங்குனி, சித்திரை மதியத்தில் தார் 50 பாகையைத் தாண்டிக் கொதிக்கிறது.

பனி ரயர் எப்படிப்பட்டது, அதை எப்படி அடையாளம் காண்பது, யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் எந்த ரயர் சரி, வாங்கியதை எப்படிப் பூட்டுவிப்பது என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

மூன்று வகை

கோடை ரயர் என்று வெளிநாட்டில் சொல்வதுதான் நாங்கள் சாதாரண ரயர் என்று வாங்குவது. அதன் றப்பர் கலவை வெப்பத்தில் இறுக்கமாக நிற்கும். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் விறைத்துப் பிடிமானம் குறையும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆகவே அந்தக் குறை இங்கே யாரையும் தொடப் போவதில்லை.

பனி ரயர் இதற்கு நேர்மாறு. குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி கலவை செய்திருப்பார்கள். ஜப்பான் வகைகளில் ஆணி இராது, அதனால்தான் அதற்கு ஸ்ரட்லெஸ் என்று பெயர். ஒவ்வொரு றப்பர்க் கட்டையிலும் நெளிநெளியாக நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை ஐஸின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி, விளிம்புகளால் ஐஸைக் கவ்வும். சூடான தாரில் இந்தக் கீறல்களே எமனாகும். கட்டைகள் பிரேக் அடிக்கும்போது மடிந்து நெளியும், நெளியும்போது சூடேறும், சூடேறினால் இன்னும் மெத்தென்றாகும். பிரேக் தூரம் கூடும், வளைவில் கார் அலையும், ரயர் மளமளவென்று தேயும். மழைக்கு நல்லதாக இருக்குமே என்று நினைக்கவும் வேண்டாம். ஐஸின் மேலுள்ள ஈரம் வேறு, வல்லை வெளியில் றோட்டை மூடி நிற்கும் தண்ணீர் வேறு. கன தண்ணீரை வெளியே தள்ளுவது அகலமான நேர்த் தவாளிப்புகள். ஸ்ரட்லெஸ் ரயரில் அது முதல் நோக்கம் அல்ல.

நாலு பருவ ரயர் இரண்டுக்கும் நடுவே. ரொறன்ரோவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரர் "ஓல் சீசன் போடு, வருசம் முழுக்க ஓடலாம்" என்றால் அவர்களின் நாட்டுக்கு அது சரியாகவே இருக்கலாம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி ரயர் கட்டாயம். ஜேர்மனியில் பனி, ஐஸ் உள்ள றோட்டில் ஓட மலையும் பனித்துகளும் பொறித்த ரயர் வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு இருப்பது இரண்டே பருவம்: வெயில், வெள்ளம். நாலு பருவ ரயர் பூட்டினால் ஆபத்து என்று சொல்ல முடியாது. பயன்படாத ஒரு குணத்துக்குக் காசு கொடுத்து, வெப்பத்தில் கொஞ்சம் சீக்கிரம் தேய்வதையும் வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவே. நுவரெலியாவுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கும் இதுவே பதில். அங்கே தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி படியும், றோட்டில் பனி மூடுவதில்லை.

பக்கச்சுவரில் கண்டுபிடிப்பது

கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் ரயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்திருந்தால் அது பனிச் சோதனையில் தேறிய ரயர். பனி ரயராக இருக்கும், அல்லது நாலு பருவ ரயராக இருக்கும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. சேறு, பனி இரண்டுக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது அது. பிக்கப், ஜீப் ரயர்களில் சர்வசாதாரணம்.

ஜப்பான் உள்நாட்டு ரயரில் ஆங்கிலத்தில் ஸ்ரட்லெஸ் என்று நேராகவே எழுதியிருக்கும். பிளிசாக், ஐஸ் கார்ட், விண்டர் மக்ஸ் போன்ற பெயர்கள் எல்லாம் பனி ரயர்ப் பெயர்கள். இன்னொரு துப்பு, அளவுக்குப் பின்னால் வரும் வேக எழுத்து. வாகன்-ஆர் காரின் சாதாரண ரயர் 155/65 ஆர் 14 75 எஸ் என்று இருக்கும். அதே இடத்தில் 75 கியூ என்று கண்டால் உடனே கட்டைகளைக் குனிந்து பாருங்கள், நெளி கீறல்கள் தெரியும்.

ஸ்ரட்லெஸ் ரயரில் இரண்டு தேய்வு அடையாளங்கள் உண்டு. பாதி தேய்ந்ததும் தவாளிப்புக்குள் ஒரு மேடை மட்டத்துக்கு வரும். அதற்குப் பிறகு அது பனிக்கு உதவாது, ஜப்பான்காரர் கழற்றி எறிவார். எங்களுக்கு விற்பனைக்கு வருபவற்றில் இப்படிக் கழிக்கப்பட்டவையும் இருக்கும். மிச்ச ஆழத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

காரோடு பனி ரயர் வந்துவிட்டது, உடனே மாற்றக் கையில் காசில்லை என்றால், கோயிலுக்கும் சந்தைக்கும் ஓடுங்கள். ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஏ9 றோட்டில் மதிய வெயிலில் கொழும்புக்கு விடாதீர்கள். காற்றை, றைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய சீட்டுச் சொல்லும் அளவுக்குக் குறைய விடாதீர்கள். மாரி தொடங்க முன் மாற்றிவிடுங்கள்.

அளவும் பாரமும்

சரியான அளவு றைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். காரில் இப்போது பூட்டியிருக்கும் ரயரைப் பார்த்து அளவு எடுப்பது பிழை. முன்னைய சொந்தக்காரர் எதையாவது மாற்றியிருக்கலாம். பொதுவாக வாகன்-ஆர் 155/65 ஆர் 14, அக்குவாவின் 15 அங்குல றிம்முக்கு 175/65 ஆர் 15, மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 15 அங்குல றிம்முக்கு 195/65 ஆர் 15.

155 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். "கொஞ்சம் பெரிசாய்ப் போட்டால் கார் உயரும், மதகு ஏறலாம்" என்று 165/65 ஆர் 14 போடுகிறவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் விட்டம் 557 மி.மீ. இலிருந்து 570 மி.மீ. ஆகிறது, கூடியது 13 மி.மீ. கார் உயர்வது அதில் பாதி, 6.5 மி.மீ. மட்டும். அதற்காக முழுப் பாரத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டும்போது உள் மட்காட்டில் உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டு திரிய வேண்டும். மூல விட்டத்திலிருந்து 3 வீதத்துக்கு மேல் விலகவே கூடாது. ஸ்பீடோமீற்றரும் தப்பாகும்.

அளவுக்குப் பிறகு வரும் இலக்கம் பாரச் சுட்டி. 75 என்றால் ஒரு ரயர் 387 கி.கி., 84 என்றால் 500, 88 என்றால் 560, 91 என்றால் 615 கி.கி. தாங்கும். கம்பனி சொன்னதிலிருந்து இறங்கக் கூடாது, ஏறலாம். வேக எழுத்தில் எஸ் 180, ரி 190, எச் 210 கி.மீ. இலங்கையில் காரின் சட்ட வேகம் ஊர்மனைக்குள் 50, வெளியே 70, அதிவேக வீதியில் 100 என்பதால் இந்த எழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

பாரச் சுட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் கேடிஎச் (ரொயோட்டா ஹயேஸ்) வான் வைத்திருப்பவர்கள். அதற்குரிய ரயர் 195/80 ஆர் 15 107/105 எல், வர்த்தக வாகனத்துக்கானது, ஒற்றைச் சில்லில் 975 கி.கி. தாங்கும். அதே 195/80 ஆர் 15 அளவில் 96 எஸ் என்ற ரயரும் உண்டு. அது 710 கி.கி.க்குத்தான். அளவு ஒன்று, றிம்மில் அழகாக உட்காரும், விலையும் குறையலாம். ஆனால் ஆட்களும் சாமானும் நிறைத்துக் கொழும்புக்கு ஓடும் வானில் அதைப் பூட்டினால், கனகராயன்குளத்துக்கும் மதவாச்சிக்கும் இடையே எங்கேயோ ஓரிடத்தில் பின் ரயர் வெடிக்கும்.

வயது

பக்கச்சுவரில் டிஓரி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஒரு பக்கத்தில் அந்த வரி முழுதாக இராது. அப்படியென்றால் திகதி மறுபக்கத்தில் இருக்கிறது, ரயரைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது, பேச்சே வேண்டாம்.

புது ரயர் என்றால் இரண்டு வருடத்துக்கு உட்பட்டதைக் கேளுங்கள். நாலு ரயரும் கிட்டத்தட்ட ஒரே திகதியாக இருந்தால் நல்லது. பூட்டி 5 வருடம் கடந்தால் வருடம் ஒருமுறை கழற்றி உள்பக்கச் சுவரையும் சேர்த்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் தவாளிப்பு எவ்வளவு இருந்தாலும் கழற்றவே வேண்டும். எங்கள் வெயிலில் அவ்வளவு காலம் போவதும் அரிது: புற ஊதாக் கதிரும் ஓசோனும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளைக் கொண்டுவரும். காற்றடித்த நிலையில் நகம் நுழையும் வெடிப்பு என்றால் அந்த ரயர் முடிந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்கள் பல கைமாறின. பாவித்த கார் வாங்கும்போது தவாளிப்பைப் பார்ப்பவர்கள் திகதியைப் பார்ப்பதில்லை. நாலு ரயரின் விலை பேரத்தில் பேசக்கூடிய தொகை.

மழைக்கு எது நல்லது

யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நிலம் தட்டை, தண்ணீர் ஓடிப்போக நேரமெடுக்கும். ஆகவே இங்கே ரயர் தெரிவில் முதல் இடம் ஈரப்பிடிமானத்துக்கு. பெற்றோல் சேமிப்பு இரண்டாவது, சத்தமின்மை கடைசி.

ஈரப்பிடிமானத்தைக் கடையில் நின்று எப்படி அறிவது? ஐரோப்பியச் சீட்டு ஒட்டிய ரயர் என்றால் மழைமேகப் படத்துக்கு அருகே ஏ முதல் ஈ வரை ஒரு எழுத்து இருக்கும். ஏ, பி வாங்குங்கள், சி போதுமானது, அதற்குக் கீழே வேண்டாம். ஜப்பான் சீட்டில் சிறிய எழுத்து ஏ முதல் டி வரை ஈரத்துக்கு, பெரிய எழுத்து ஏஏஏ முதல் சி வரை உருளல் தடைக்கு, அதாவது பெற்றோல் சேமிப்புக்கு. ஹைபிரிட் காருக்கென்று ஏஏஏ ரயரைத் தேடும்போது பக்கத்துச் சிறிய எழுத்தையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருப்பது நல்ல ரயரில்தான், மலிவு ரயரில் ஒன்றைக் கூட்ட மற்றதைக் குறைத்திருப்பார்கள்.

சீட்டு இல்லாவிட்டால் பக்கச்சுவரில் அமெரிக்க முறைத் தரங்கள் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஈர றோட்டுப் பிடிமானத்துக்கு ஏஏ முதல் சி வரை, வெப்பத்துக்கு ஏ முதல் சி வரை. யாழ்ப்பாணத்துக்கு இரண்டும் ஏ ஆக இருப்பது நல்லது. அவற்றோடு வரும் தேய்வு இலக்கத்தை ஒரு கம்பனியின் இரண்டு ரயர்களுக்கு இடையே ஒப்பிடலாம், வேறு வேறு கம்பனிகளுக்கிடையே பெரிதாக நம்ப முடியாது. பனி ரயருக்கு இந்தத் தரங்கள் கட்டாயமில்லை, எனவே அவை இல்லாமல் இருப்பதும் ஒரு துப்பு.

பெயரைவிட இந்த எழுத்துகளையும் திகதியையும் நம்பலாம். உள்ளூரில் களனியில் செய்யும் சியட் ரேடியலோ, இந்தோனேசியா, தாய்லாந்து ரயரோ, அளவு, பாரம், ஈரத் தரம், புதுத் திகதி நாலும் சரியென்றால் வாங்கலாம். மூன்று வருடம் களஞ்சியத்தில் கிடந்த பெரிய பெயரைவிட இந்த வருடத்து நடுத்தர ரயர் மேல்.

தவாளிப்புக்குள் இருக்கும் தேய்வு மேடை 1.6 மி.மீ. அந்த மட்டத்துக்கு வரும்வரை ஓடலாம் என்று நினைப்பது கோடைக்குச் சரி. மாரிக்கு 3 மி.மீ. க்குக் குறைந்த ரயரோடு போக வேண்டாம். தண்ணீர் போக இடமில்லாதபோது ரயர் நீரின் மேல் ஏறி மிதக்கும், ஸ்ரியறிங் திடீரென்று இலேசாகும், பிரேக் கேட்காது. காற்றுக் குறைந்தால் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். புரட்டாதிக்குள் மாற்றினால் கடையில் நெரிசலும் இராது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

நல்ல ரயரையும் பூட்டும்போது கெடுக்கலாம். காரைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

பழைய ரயர் கழன்றதும் றிம்மின் விளிம்பைப் பாருங்கள். பண்ணைப் பாலம், காரைநகர்த் தாம்போதி, பருத்தித்துறைக் கரையோரம் என்று கடற்காற்றில் ஓடும் காரின் இரும்பு றிம்மில், ரயர் அமரும் இடத்தில் துரு பொருக்குத் தட்டியிருக்கும். அதன் மேலேயே புது ரயரை ஏற்றினால் கிழமைக்கு 3, 4 பி.எஸ்.ஐ. என்று காற்று இறங்கும். பிறகு துளை தேடி, கிடைக்காமல், ரயரைக் குறை சொல்வோம். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி வெறும் உலோகம் வரச் செய்து, மெல்லிய பூச்சுக் கொடுத்துக் காய விட வேண்டும். அலோய் றிம்மில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். அதற்கும் இதே வேலை, இரும்புத் தூரிகைக்குப் பதில் மெல்லிய நைலோன் தேய்ப்பான்.

வால்வை மாற்றச் சொல்லுங்கள். சாதாரண காருக்கு 11.5 மி.மீ. துளைக்கான றப்பர் வால்வு போதும், விலை மிகச் சிறியது. பழைய வால்வை அடியில் வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும்.

ரயரின் விளிம்புக்கு ரயர்ப் பசை அல்லது சவர்க்கார நீர் பூசலாம். கிறீஸோ என்ஜின் ஒயிலோ பூச விடாதீர்கள், அது றப்பரை ஊதச் செய்யும், பிரேக் பிடிக்கும்போது ரயர் றிம்மில் வழுக்கவும் கூடும். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் முன்னோக்கி உருளும் திசை அது. வெளிப்பக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். மஞ்சள் புள்ளி ரயரின் பாரம் குறைந்த இடம், அதை வால்வுக்கு நேரே வைத்தால் பலன்ஸ் ஈயம் குறைவாகப் போகும். சிவப்புப் புள்ளி ரயரின் உயர்ந்த இடம். றிம்மில் தாழ்ந்த இடம் அடையாளமிட்டிருந்தால் சிவப்பு அதற்கு நேரே, இல்லாவிட்டால் மஞ்சளைப் பின்பற்றலாம்.

விளிம்பு "டப்" என்று உட்காரும்வரை காற்றடிப்பார்கள். 40 பி.எஸ்.ஐ. தாண்டியும் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி பசை பூசி அடிக்க வேண்டும். இன்னும் இன்னும் என்று அடித்தால் விளிம்புக் கம்பி அறுந்து ஆளைக் கொல்லும். ஒருவர் மேலே குனிந்து நின்று பார்ப்பதைக் கண்டால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபின் றிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வரி சுற்றிவர ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

பலன்ஸ் பார்க்காமல் வாங்கிப் போகாதீர்கள். முன் சில்லில் குறை இருந்தால் 70, 80 கி.மீ. வேகத்தில் ஸ்ரியறிங் நடுங்கும். ஒட்டும் ஈயம் என்றால் றிம்மின் உட்புறத்தைத் துடைத்துக் காய்ந்தபின் ஒட்ட வேண்டும். தூசியின் மேல் ஒட்டியது முதல் வெயிலிலேயே கழன்று விழும்.

காரில் சில்லைப் பூட்டுதல்

மணல் வளவில் ஜாக் வைப்பதென்றால் அடியில் தடித்த பலகை வையுங்கள். கை பிரேக்கை இழுத்து, கியரைப் பார்க்கில் போட்டு, ஹைபிரிட் என்றால் மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, எதிர்மூலைச் சில்லுக்குக் கல் அடையுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள், பிறகு உயர்த்துங்கள். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே கை, தலை போகக் கூடாது.

சில்லு அமரும் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். அங்கே துருப் பொருக்கு இருந்தால் நட்டு இறுகியதுபோல் தெரியும், ஓடும்போது பொருக்கு நொறுங்கி நட்டுத் தளரும். புரியில் ஒயில் பூச வேண்டாம். ஒயில் பூசினால் அதே இறுக்கத்துக்குப் புரி அளவுக்கு மேல் இழுபடும்.

நட்டு றிம்மில் உட்காரும் வடிவம் முக்கியம். ஹொண்டாவின் சொந்த றிம் உருண்டை இருக்கை, கடையில் வாங்கும் அலோய் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு, பழைய ரொயோட்டா அலோய் சிலதில் தட்டையான வாஷர் உள்ள நட்டு. றிம் மாற்றும்போது நட்டும் மாற வேண்டும். பொருந்தாத நட்டு விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். புரியும் ஒன்றல்ல: ரொயோட்டா, ஹொண்டா 12 மி.மீ. க்கு 1.5 புரி, சுசுக்கி, நிசான் 1.25 புரி. கையால் நாலைந்து சுற்று இலகுவாகப் போகவில்லை என்றால் நிறுத்துங்கள்.

முதலில் எல்லாவற்றையும் கையால், பிறகு குறுக்கே எதிரெதிராக இறுக்குங்கள். ஐந்து நட்டு என்றால் நட்சத்திர வரிசை. காரை இறக்கியபின் கடைசி இறுக்கம். ரொயோட்டாக் கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108, வாகன்-ஆர் போன்ற சிறிய சுசுக்கிக்கு 85. கைநூலில் உள்ளதே முடிவு. அளவு ரென்ச் இல்லாவிட்டால் 35 செ.மீ. நீளப் பிடியில் 30 கி.கி. பாரம் அழுத்தினால் ஏறக்குறைய 103 வரும். அறுபது கிலோ ஆள் பிடியின் மேல் ஏறி நின்றால் அது இரட்டிப்பாகும். கடையில் காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று இறுக்கி முடிப்பதும் அப்படித்தான். புரி இழுபடும், பிரேக் தட்டு நெளியும், நெடுங்கேணியில் ரயர் பஞ்சரானால் காரோடு வந்த சின்னப் பிடியால் கழற்றவும் முடியாது. துப்பாக்கியைக் கடைசி இறுக்கத்துக்குப் பாவிக்க வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

இரண்டு மட்டும் மாற்றினால்

புதிய இரண்டையும் முன்னுக்குப் போடுவதே எங்கள் ஊர் வழக்கம். முன் சில்லு ஓட்டும் கார் என்பதால் முன் ரயர்தான் தேயும், அங்கேதான் புதுசு வேண்டும் என்ற கணக்கு. மழையில் இது பிழைக்கும். முன்னுக்கு வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்னுக்கு வழுக்கினால் வால் சுழன்று கார் திரும்பி நிற்கும், சாதாரண றைவர் அதைப் பிடிக்க மாட்டார். நல்ல இரண்டு பின்னுக்கு, மிச்சமுள்ள இரண்டு முன்னுக்கு. முன்னுக்குப் போவதும் 3 மி.மீ. க்குக் குறைந்திருந்தால் நாலையும் மாற்றுவதே வழி. நாலு சில்லும் ஓட்டும் காருக்கும் நாலும் ஒன்றாகவே, விட்ட வித்தியாசம் சில்லுகளுக்குச் சக்தியைப் பகிரும் பற்சக்கரத் தொகுதியை உரசித் தின்னும்.

இந்தப் பாகுபாடு குறைவாக இருக்க 5,000 முதல் 10,000 கி.மீ. க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். முன்னிரண்டும் நேரே பின்னுக்கு, பின்னிரண்டும் குறுக்காக முன்னுக்கு. அம்புக்குறி ரயர் என்றால் அதே பக்கத்தில் முன்பின் மட்டும்.

காற்று

அளவு கதவுத் தூணில். 220 கிலோபஸ்கால் என்றால் 32 பி.எஸ்.ஐ., 240 என்றால் 35, 250 என்றால் 36. குளிர்ந்த ரயரில்தான் அளக்க வேண்டும்: மூன்று மணி நேரம் நின்றபின், அல்லது விடியற்காலையில். 5, 6 பாகை வெப்பம் கூட ஒரு பி.எஸ்.ஐ. கூடும். மதியம் ஓடி வந்து 36 காட்டுகிறதே என்று 32 க்கு இறக்கினால் அடுத்த காலை 28 இல் ஓடுவீர்கள். குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து சூடேறும். வெயிலில் ரயர் வெடிப்பது "காற்றுக் கூடி" என்பது இங்கே பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் காற்றுக் குறைந்தே வெடிக்கிறது. நைதரசன் அடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் சாதாரண காற்றிலேயே 78 வீதம் அதுதான். காசுக்கு ஒரு நல்ல அளவுமானி வாங்கி மாதம் இருமுறை பாருங்கள்.

உதிரிச் சில்லையும் மறக்க வேண்டாம். மெல்லிய தற்காலிகச் சில்லு என்றால் அதற்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டும், வேகம் 80 க்கு மேல் கூடாது. வாகன்-ஆரில் உதிரிச் சில்லே இல்லை, ஒட்டுத் திரவப் போத்தலும் சிறிய பம்புமே வரும். போத்தலில் காலாவதித் திகதி உண்டு.

எங்கே தேய்ந்திருக்கிறது

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் என்றால் கூடுதல். ஒரு ஓரம், முக்கியமாக உள் ஓரம், என்றால் எலைன்மென்ற், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிழை. வெளியிலிருந்து தெரியாது, ஸ்ரியறிங்கை வெட்டி வைத்துப் பாருங்கள். கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரம்போலவும் இருந்தால் முன் சில்லுகள் நேரே பார்க்காமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கின்றன. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷொக் அப்சோபர் அல்லது பலன்ஸ். எலைன்மென்ற் செய்யும் முன் போல் ஜொயின்ற், ரை றொட் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள், ஆடும் மூட்டில் செய்த எலைன்மென்ற் ஒரு மாதம் நிற்காது. வெள்ளத்துக்குள் மறைந்த பள்ளத்தில் அடித்தபின் பக்கச்சுவரில் கொப்பளம் கண்டால் உள்நூல் அறுந்துவிட்டது, ஒட்ட முடியாது.

பஞ்சர் ஒட்டுவது றோட்டைத் தொடும் பகுதியில், 6 மி.மீ. க்கு உட்பட்ட துளைக்கு மட்டும். வெளியிலிருந்து கயிறு செருகுவது வீடு போய்ச் சேர. நிரந்தரமாக ஒட்ட ரயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட வேண்டும். ஒழுங்கைகளில் வேலி அடைக்கும் காலத்தில் முட்கம்பித் துண்டும் கூரை ஆணியும் தாராளம்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் கார் மாதக்கணக்கில் வீட்டில் நின்றால் காற்றைச் சொன்ன அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூட்டி, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வையுங்கள், வெயில் படும் பக்கத்தை மூடுங்கள். மினுக்கத்துக்கு மண்ணெண்ணெய், டீசல் பூசுவது றப்பரைக் காய வைக்கும். சவர்க்கார நீர் போதும்.

கழற்றிய பழைய ரயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் பூச்சாடியாக்கவோ ஊஞ்சல் கட்டவோ விருப்பமென்றால் அடியில் நாலைந்து பெரிய துளை போடுங்கள். மாரி மழையில் ரயருக்குள் நிற்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வளவுக்குள் வரும் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் தேங்கக்கூடிய பொருட்களில் ரயரையும் பார்ப்பார்.